போங் அணையில் மீன்பிடிக்கச் செல்வது குறித்து உதவி தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்தக் குளிர்காலத்தில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடச் செல்ல எண்ணியுள்ளேன். 2020 டிசம்பர் இறுதியில், அங்கு வலசை வந்த வரித்தலை வாத்துகள் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, கரையை ஒட்டிய 1 கிலோமீட்டர் பகுதியில் ஆள் நடமாட்டத்துக்கும், நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்புக்கும் தடை விதிக்கப்பட்டது. வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களின் வருமானம் நின்றுபோனது வேதனைக்குரியது. ஆயினும், பறவை எச்சம் கலந்த சேறு காலணியின் அடியிலும் கைவலையின் கண்களிலும் ஒட்டிக்கொண்டு பக்கத்துக் கோழிப்பண்ணை வரை நோயைக் கொண்டுசேர்க்கக்கூடும் என்பதால், அத்தடை அவசியமானது என்றே கருதுகிறேன்.

அப்பகுதியை அறிந்தவர்கள், இத்தகைய தடை உள்ளதா என்பதைப் புறப்படும் முன் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதா, வனத்துறையிடமா, மீன்வளத் துறையிடமா என்பதையும், கருவிகளை எந்தக் கிருமிநாசினியால் கழுவுவது என்பதையும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.