டிஎஃப் ஒரு கணக்கு, டியூ வேறு கணக்கு

இரவு 2 மணிக்கு போன். டேட்டாபேஸ் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்கிறது. சர்வருக்குள் போய், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் ‘டிஎஃப் -எச்’ கட்டளையை அடித்தேன். 50 ஜிபி டிஸ்க்கில் 47 போய்விட்டது, மிச்சம் பூஜ்யம். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (நிர்வாகி கணக்கு) ஒதுக்கி வைத்துவிடும், அதனால் அந்தக் கடைசி இரண்டரை ஜிபியை டேட்டாபேஸ் தொட முடியாது. சரி, எந்த டைரக்டரி இவ்வளவு தின்றது என்று ரூட்டாகவே, ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ -எக்ஸ்எச்’ ஓட்டினேன். மொத்தமே 19 ஜிபி என்றது.

மீதி 28 ஜிபி எங்கே? ஒவ்வொரு டைரக்டரியாக இறங்கித் தேடியதில் முக்கால் மணி நேரம் போனது. அப்புறம்தான் நினைவு வந்தது. இடம் குறைகிறதே என்று அன்று மாலை பெரிய லாக் ஃபைல் (நடந்ததைக் குறித்துவைக்கும் ஃபைல்) ஒன்றை நானே ‘ஆர்எம்’ போட்டு அழித்திருந்தேன். ஆர்எம் எடுப்பது பெயரைத்தான். ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. பெயர் இல்லாததால் டியூ கண்ணில் படாது, டிஎஃப் மட்டும் அதையும் சேர்த்தே சொல்லும். அழித்தும் திறந்தே இருக்கும் ஃபைல்களைக் காட்டும் ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அடித்ததும் அந்த லாக் வந்து நின்றது: லிங்க் (அதாவது பெயர்) எண்ணிக்கை 0, அளவு 28 ஜிபி. அதைத் திறந்து வைத்திருந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், டிஎஃப் உடனே 40 சதவீதத்துக்கு இறங்கியது.

இப்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை நான் அழிப்பதில்லை. ‘ட்ரங்கேட் -எஸ் 0’ போட்டுக் காலி செய்கிறேன்.

*

அண்ணா, உங்கள் கதையைப் படித்தேன், எனக்கு நடந்தது வேறு மாதிரி. பாதி டிஸ்க் காலியாக இருந்தும் ‘இடம் இல்லை’ என்றே பிழை வந்தது. ‘டிஎஃப் -ஐ’ பார்த்தால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) 100 சதவீதம் தீர்ந்திருந்தது. எக்ஸ்ட்4-ல் ஐநோடு எத்தனை என்பது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது, பொதுவாக 16 கேபிக்கு ஒன்று. எங்கள் வெப்சைட்டுக்கு வருவோருக்காக உருவாகும் பிஎச்பி செஷன் ஃபைல்கள் ஒவ்வொன்றும் சில நூறு பைட்டுதான், ஆனால் லட்சக்கணக்கில் குவிந்திருந்தன. ‘டியூ --ஐநோட்ஸ்’தான் டைரக்டரியைக் காட்டிக்கொடுத்தது. உள்ளே இருப்பதைப் பட்டியலிட ‘எல்எஸ்’ அடித்தால் டெர்மினல் அப்படியே நின்றது. எல்லாவற்றையும் அழிக்க ஆர்எம்முக்கு நட்சத்திரக் குறி போட்டால் பட்டியல் மிக நீளம் என்று மறுத்தது. கடைசியில், ஃபைல்களைத் தேடும் ‘ஃபைண்ட்’டின் -டெலீட் கைகொடுத்தது.

*

டியூ கண்ணில் படாத வகை இன்னொன்றும் உண்டு. ஒரு ராத்திரி பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது தன் பாதையில் இணையவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அது தெரியாமல் அதே பாதையில் எழுத, எல்லாம் ரூட் டிஸ்க்கில் (சர்வரின் முதன்மை டிஸ்க்) விழுந்தது. காலையில் டிஸ்க்கை மவுன்ட் செய்ததும் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிட்டன, டியூவுக்கும் தெரியவில்லை. ரூட் டிஸ்க்கை வேறோர் இடத்திலும் தெரியும்படி பைண்ட் மவுன்ட் செய்து, அங்கே டியூ ஓட்டியபோதுதான் அகப்பட்டன.