சதுரங்கத்தில் கணினியோடு மோதிய ஆட்டங்கள்: பார்த்தவர்களும் ஆடியவர்களும் சொல்லுங்கள்

கருப்புக்குதிரை:
1997 மே மாதம் நியூயார்க்கில் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவும் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியும் ஆடியபோது, செய்தித்தாளில் வந்த நகர்த்தல்களைப் பலகையில் வைத்துப் பார்ப்பதே எனக்கு வேலை. ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் சுருண்டதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், போட்டி கைநழுவியது இரண்டாவது ஆட்டத்தில். ராணியை உள்ளே விட்டுச் சிப்பாய்களை அள்ளும் வாய்ப்பு கணினிக்கு இருந்தது. இயந்திரம் என்றால் அள்ளத்தானே செய்யும்? அது அள்ளவில்லை. மந்திரியை நடுப்பலகையில் நிறுத்தி, எதிராளியின் மூச்சை அடைத்தது. நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் பொறி இவ்வளவு பொறுமை காட்டும் என்று யார் எதிர்பார்த்தார்கள்! காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். தொடர்ந்து செக் கொடுத்து அதை டிரா செய்திருக்கலாம் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதைக் கேள்விப்பட்ட மனிதர் அடுத்த ஆட்டங்களை எந்த மனநிலையில் ஆடியிருப்பார்? 3½–2½ என்று டீப் புளூ வென்ற கணக்கில் எனக்குத் தெரிவது அன்று கைவிட்ட அந்த அரைப் புள்ளிதான்.

மூலைக்கோட்டை:
ஐயா சொல்வது சரி, ஆனால் அதற்கும் முன்பே 1994இல் லண்டன் விரைவுப் போட்டியில் ஜீனியஸ் என்ற நிரல் காஸ்பரோவை வெளியேற்றியிருந்தது. அதே நிரலை அரையிறுதியில் ஆனந்த் 2–0 என்று மடக்கினார்.

அந்தக் காலத்தில் ஒரு திறந்த போட்டியில் நானும் கணினிக்கு எதிராக உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர் திரையில் தெரிந்ததை நகர்த்துபவர் மட்டுமே. சலிப்போடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? சிப்பாய்களைக் கோத்துப் பலகையை அடைத்துவிட்டேன். செய்வதறியாமல் அது யானையை முன்னும் பின்னும் நகர்த்தியது. டிரா. 2003இல் எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற நிரலுக்கு எதிராக மூன்றாவது ஆட்டத்தில் காஸ்பரோவும் அடைத்துத்தான் ஆடினார். அவர் வென்றார், எனக்கு டிராவே பெரிது. இன்றைய நிரல்களிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

எட்டாம்வரிசை:
2006இல் ஜெர்மனியின் பான் நகரில் அன்றைய உலகச் சாம்பியன் கிராம்னிக்கும் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலும் ஆடிய இரண்டாவது ஆட்டத்தை இணையத்தில் நேரடியாகப் பார்த்தேன். கிராம்னிக் ராணியை நகர்த்துகிறார். அடுத்த நகர்த்தலிலேயே கணினி செக்மேட் கொடுத்துவிட்டது! ஒளிபரப்பில்தான் கோளாறு என்று பக்கத்தை மறுபடி திறந்தேன். கோளாறு இல்லை. ஆட்டமே முடிந்திருந்தது. போட்டியை 4–2 என்று கணினி வென்றது. களைத்த கண்ணுக்கு இது நேரும். களைக்காத ஒன்றோடு ஆடும்போது இதற்கு மன்னிப்பே கிடையாது.

கருப்புக்குதிரை:
இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் ஆடம்ஸை விட்டுவிட்டீர்களே! 2005இல் லண்டனில் ஹைட்ரா என்ற சதுரங்கக் கணினியிடம் ஆறு ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிரா. அதைப் பார்த்த பிறகுமா கிராம்னிக் ஆட ஒப்புக்கொண்டார்? அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.