கன்வீன் பண்ணுறது மீட்டிங்கையா, ஆளுவளையா? ஒரு டவுட்டு

குலசேகரத்துக்காரன்:
எங்க ஊரு ரப்பர் விவசாயிங்க சங்கத்துக்கு இப்ப நான்தான் செக்ரட்டரி. ஞாயித்துக்கிழமை பொதுக்குழு, தமிழ் நோட்டீஸ் அடிச்சாச்சு, ஆனா ரப்பர் போர்டு ஆபீசுக்கு ஒரு காப்பி இங்கிலீஷ்ல போகணும்னு தலைவரு சொல்லிட்டாரு. நான் எழுதினது "வீ ஆர் கன்வீனிங் ஆல் தி மெம்பர்ஸ் ஆன் சண்டே". எனக்க மருமவ காலேஜ்ல படிக்கா, கன்வீன்னா மீட்டிங்கத்தான் சொல்லணும், ஆளுவளச் சொல்லப்பிடாதுங்கா. டிக்‌ஷனரில கூட்டுறதுன்னு போட்டிருக்கு, ஆளத்தானே கூட்டுவாவ? இன்னைக்கே பிரிண்டுக்குக் குடுக்கணும்.

தக்கலை டைப்பிங்:
கேதர்னு போட்டுட்டு போங்கண்ணே, யாரு கேக்கப் போறா.

ரிட்டயர்டு வாத்தியார்:
யாரு கேக்கப் போறான்னு விட்டுத்தான் நம்ம நோட்டீஸ் எல்லாம் இப்பிடி கெடக்கு. மருமவ சொன்னதுதான் வழக்கம். லத்தீன்ல சேர்ந்து வாறதுன்னு அர்த்தமுள்ள சொல்லுல இருந்து வந்ததாக்கும் இது, அதனால ரெண்டு விதமாட்டு வரும். அதிகாரம் உள்ளவரு கூட்டத்தக் கூட்டினா "தி பிரசிடென்ட் கன்வீன்ட் தி மீட்டிங்", கூட்டம் கூடுதுன்னா "தி கமிட்டி கன்வீன்ஸ் அட் டென்", ரெண்டுமே செரி. மெம்பர்ஸ கன்வீன் பண்ணுறதும் இலக்கணப்படி தப்பில்ல, ஆனா நோட்டீஸ்ல அப்பிடி எழுதினா அதிகாரம் பண்ணுத மாதிரி இருக்கும், மெம்பருங்க உங்களுக்க வேலக்காரங்க இல்லல்லா. கூட்டத்த கன்வீன் பண்ணுங்க, ஆளுவள "ரிக்வெஸ்ட்டட் டு அட்டெண்ட்"னு தனியா கேளுங்க.

ஒத்த ஆள கன்வீன் பண்ணவே முடியாது, கேட்டியளா. அதுக்கு சம்மன். சட்டசபையக் கூட்டுறதுக்கும் அரசியல் சட்டம் 174ஆம் பிரிவுல சம்மன்தான் இருக்கு, கவர்னர் சம்மன் பண்ணுவாருன்னு. பேப்பர்காரன் அதையே கன்வீன்னு எழுதுவான், அதுவும் ஓடும். ஜனங்க ஆயுதம் இல்லாம அமைதியா கூடுத உரிமைக்கு, 19ஆம் பிரிவுல, அசெம்பிள்.

கொளச்சல் பையன்:
சாரே, நூறுநாள் வேலைல மஸ்டர் ரோல்ங்காவளே, அதுவும் ஆளக் கூட்டுறதுதானா?

ரிட்டயர்டு வாத்தியார்:
ஓம் மக்ளே, ஆனா அது பட்டாளத்துச் சொல்லு. ஆளுவள வரிசையா நிப்பாட்டி எண்ணிப் பாக்குறது, அந்தப் பேரு பட்டியல்தான் மஸ்டர் ரோல். பொதுக்குழுவுக்குப் போட்டா சிரிப்பாவ.

கொளச்சல் பையன்:
கோரம், அதான் கூட்டம் நடத்த வேண்டிய கொறஞ்ச ஆளெண்ணிக்கை, அது இல்லாம கூட்டம் நின்னு போனா? எங்க சங்கத்துல எப்பவும் அதான் கதை.

ரிட்டயர்டு வாத்தியார்:
அட்ஜர்ன், தள்ளி வைக்குறது. பெறவு அதே கூட்டத்தத் திரும்பக் கூட்டினா ரீகன்வீன்.

தக்கலை டைப்பிங்:
கடைசில கையெழுத்துக்குக் கீழ கன்வீனர்னு வருமே, அது இஆர்-ஆ ஓஆர்-ஆ? எங்க கடைக்கு வாறவங்க ரெண்டு மாதிரியும் எழுதிட்டு வாறாவ.

ரிட்டயர்டு வாத்தியார்:
ரெண்டும் நடக்கும். ஒரே தாளுல ரெண்டையும் போடாத.

குலசேகரத்துக்காரன்:
ரொம்ப நன்றி சார். இப்ப இப்பிடி மாத்திட்டேன்: "எ ஜெனரல் பாடி மீட்டிங் வில் பி கன்வீன்ட் ஆன் சண்டே அட் த்ரீ பி.எம். ஆல் மெம்பர்ஸ் ஆர் ரிக்வெஸ்ட்டட் டு அட்டெண்ட்." காலைல பத்து மணின்னுதான் மொதல்ல இருந்துச்சு, ஆனா ரப்பர் மரத்துல பால்வெட்டு முடிச்சு, பால் எடுத்து, ரப்பர் ஷீட்டும் அடிச்சிட்டு எவன் பத்து மணிக்கு வருவான், தமிழ் நோட்டீஸ்லயும் பேனா வச்சு அடிச்சு மூணுன்னு எழுதிட்டிருக்கேன்.