ஒப்பந்தக்காரர் எழுப்பும் அந்த வாதத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களே,

திங்கட்கிழமை சட்ட மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு தர வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1988 பாயில் வழக்கு. 1983இல் வர்ஜீனியா கரையோரம் ராணுவ ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. துணை விமானி மோதலில் பிழைத்தும் வெளியேற முடியாமல் மூழ்கி இறந்தார். அவசரக் கதவு வெளிப்பக்கம் திறப்பது, தண்ணீர் அழுத்தத்தில் எப்படித் திறக்கும் என்று தந்தை வழக்குப் போட்டார். அரசு ஒப்புக்கொண்ட விவரக்குறிப்பின்படி செய்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது அதைத் தயாரித்த நிறுவனம். அப்படி வாதிட இடமுண்டு என்று 5-4 கணக்கில் தீர்ப்பு. அந்த வாதத்தை (government contractor defense) நான் ‘விலக்குரிமை’ (immunity) என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
- தே.

‘ஒப்பந்தர் ஏமம்’ என்க. ஏமம் என்றால் பாதுகாப்பு; குறள் 306இல் ‘ஏமப் புணை’ (காக்கும் தெப்பம்) வருகிறதே! சேமமோ வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது. யாமமும் ஏமமாகும், அது தனிக்கதை.
- இரா.

ஐயா, மூழ்கியவர் விமானி, புணை கிடைத்தது நிறுவனத்துக்கா? ஏமம் என்றால் மாணவர் காதில் ஏமாற்று என்றுதான் விழும். ‘காப்புரிமை’யும் வேண்டாம், அது எப்போதோ பேட்டன்டுக்குப் போய்விட்டது.

அப்புறம், இது உரிமையே அல்ல. உரிமை மாதிரி இருப்பது அரசுக்கு: 1950இல் அதே நீதிமன்றம் தந்த ஃபெரஸ் தீர்ப்புப்படி, பணி தொடர்பாகக் காயம்பட்ட படைவீரர் அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்காட முடியாது. நிறுவனமோ மூன்றை நிரூபித்தாக வேண்டும். ஓரளவு துல்லியமான விவரக்குறிப்புக்கு அரசு ஒப்புதல் தந்தது, பொருள் அதன்படியே இருந்தது, தனக்குத் தெரிந்து அரசுக்குத் தெரியாத ஆபத்தை முன்கூட்டியே சொன்னது. இவற்றில் ஒன்று தவறினாலும் போச்சு. ராணுவக் காதடைப்பான் வழக்குகளில் 3எம் நிறுவனமும் இதைச் சொல்லிப் பார்த்தது, 2020இல் நீதிபதி ஏற்கவில்லை. ஆகவே ‘ஒப்பந்தக்காரர் காப்புவாதம்’.
- வி.

வாதம் வடசொல். மூட்டுவலி நினைவும் வருகிறது. ‘காப்புரை’ போதாதா?
- மா.

உரை என்றால் பரிமேலழகர் வந்து நிற்பார், வேண்டாம். ‘விலக்குரிமை’யையே விடுங்கள், செய்தித்தாளில் பழகிய சொல்.
- க.

சரி, மூன்று பேர் கை தூக்கியதால் ‘காப்புவாதம்’ என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.
- தே.

என் வாக்கு ஏமத்துக்கே. யாமம் ஏமமானதை நாளை விரிவாக எழுதுகிறேன்.
- இரா.