ஏர் ரைபிள் கேமரா: திரையில் குறி இடப்பக்கம் ஒதுங்குது, பேப்பரில் பத்து விழுது

பெருமாள்புரம் அப்பா:
வணக்கம். மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள், பதினோராம் வகுப்பு. கிளப்புக்குப் போக முடியாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில்தான் பயிற்சி. துப்பாக்கியில் ஒரு சின்னக் கேமராவை மாட்டினால் குறி அலைகிற கோட்டை லேப்டாப் திரையில் காட்டுமே, அது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காலையில் நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஆனால் திரையில் எல்லாம் இடப்பக்கம் 9.8, 9.9 என்று காட்டுகிறது, பேப்பரில் பார்த்தால் குண்டு பத்தில்தான், அதாவது நடுவில்தான் இருக்கிறது. சில நாள் காலையிலேயே திடீரென்று கீழே இறங்கிவிடும், காலிபிரேஷன் செய்து நடுவைத் திரும்பச் சரிப்படுத்தினால் சரியாகும். விற்ற கடையில் கேட்டால் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள், போட்டும் அப்படியேதான். பிள்ளை திரையை நம்பி ரியர் சைட்டை, அதாவது கண்ணருகே குறி பார்க்கிற பின் துளையைத் திருக ஆரம்பித்துவிட்டாள். போட்டி வேறு வருகிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை வயரிங்:
அண்ணாச்சி, டார்கெட் எந்தத் திசையில் இருக்கு? ஜன்னல் எந்தப் பக்கம்?

பெருமாள்புரம் அப்பா:
தெற்கே பார்த்துச் சுடுகிறாள். மேற்குச் சுவரில் கம்பி ஜன்னல், டார்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கதவு கிடையாது.

தென்காசி தம்பி:
இதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு பாடு, பேசாம கேமரா வச்ச ஸ்கோப் ஒண்ணு மாட்டிருங்க, திரையில பார்த்தே சுடலாம்.

பாளை ரேஞ்ச்:
தம்பி, 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை, முன்னும் பின்னும் துளை வழியாகப் பார்க்கிற சைட் மட்டும்தான். இந்த டிரேஸ் கேமராவும் பயிற்சிக்கு மட்டும், போட்டியில் கழற்றிவிட வேண்டும்.

அண்ணாச்சி, உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு என்று நினைக்கிறேன். மெல்ல ஒதுங்குவது ஒன்று, திடீரென்று தாவுவது ஒன்று. முதலாவது வெளிச்சம். அந்தக் கேமரா குண்டு போன இடத்தைப் பார்ப்பதே இல்லை. வெள்ளைப் பேப்பரில் 30.5 மி.மீ. அகலமுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரத்தைத் தேடி, அதிலிருந்து நடுவைக் கணக்குப் போடுகிறது. ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கி மறைவதால் சாயங்கால வெயில் உங்கள் வலப்பக்க ஜன்னல் வழியாக டார்கெட்டின் முகத்தில் சாய்வாக விழும். பேப்பரைப் பிடித்திருக்கும் சட்டத்தின் நிழல் வலது ஓரத்தில் படியும். நிழல் பட்ட வெள்ளையையும் கறுப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டால், கேமராவின் கணக்கில் நடு வலப்பக்கம் போய்விடும். பிள்ளை நேராகப் பிடித்திருந்தாலும் திரை இடப்பக்கம் என்றுதான் சொல்லும். வளையத்துக்கு வளையம் இடைவெளி 2.5 மி.மீ.தான், அதனால் நடு ஒரு மி.மீ. நகர்ந்தாலே 0.4 புள்ளி போச்சு.

சோதிக்க ஒரு வழி: குண்டு போடாமல் துப்பாக்கியைத் துணி சுற்றி வைஸில் (பட்டறையில் இருக்கும் இறுக்குப் பிடி) அசையாமல் பிடித்துவைத்து, ஜன்னலை மூடியும் திறந்தும் திரையைப் பாருங்கள். துப்பாக்கி அசையாமல் புள்ளி மட்டும் நகர்ந்தால் வெளிச்சம்தான் காரணம். அப்புறம், கேமராவை எதில் மாட்டியிருக்கிறீர்கள், பேரலிலா, காற்று சிலிண்டரிலா?

பெருமாள்புரம் அப்பா:
சிலிண்டரில். கடைக்காரரே மாட்டிக் கொடுத்தது.

பாளை ரேஞ்ச்:
அதுதான் இரண்டாவது. காற்றடிக்கச் சிலிண்டரைக் கழற்றித் திரும்ப முறுக்கும்போது அது பழைய இடத்திலேயே வந்து நிற்காது. கேமரா பிடிப்பு 5 செ.மீ. நீளம் என்று வையுங்கள், ஒரு முனை மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு ஏறி இறங்கினாலே 10 மீட்டரில் 2 மி.மீ. ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பேரலில் மாட்டி, இரண்டு திருகையும் ஒரே அளவு இறுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையைப் பார்த்து ரியர் சைட்டைத் தொடக்கூடாது என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சைட்டைத் திருப்புவது பேப்பரைப் பார்த்துத்தான். திரை பார்ப்பது கை எப்படி நிற்கிறது, விசை இழுக்கும் நேரத்தில் குறி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு.

இன்னொன்று, டார்கெட்டுக்குப் பின்னால் கதவு இருந்தால் தாழ் போட்டுவிட்டுத்தான் சுட வேண்டும், வீட்டு ஆட்கள் குறுக்கே வந்துவிடுவார்கள்.

பெருமாள்புரம் அப்பா:
பின்னால் முழுச் சுவர்தான், கதவு இல்லை. வைஸில் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டால் புள்ளி நடுவுக்கு வருகிறது, எடுத்தால் இடப்பக்கம் போகிறது. கேமராவைப் பேரலுக்கு மாற்றியாயிற்று, காற்றடித்த பிறகும் தாவல் இல்லை. ரொம்ப நன்றி. ஆனால் ஜன்னலை மூடி எல்.இ.டி. விளக்கு போட்டால், துப்பாக்கி வைஸில் இருக்கும்போதே புள்ளி பொடிப்பொடியாக நடுங்குகிறது.

வண்ணார்பேட்டை வயரிங்:
அது விளக்கோட மினுக்கல் அண்ணாச்சி. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 தடவை மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்க, வெளிச்சம் துடிச்சா அதேதான். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை பேட்டரியில் நேரா கொடுத்துருங்க. ரெண்டு பக்கமும் ஒரே தூரத்தில் ஒவ்வொண்ணு வச்சா நிழலும் விழாது.

பாளை ரேஞ்ச்:
டார்கெட் முகத்தில் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வேண்டும், போட்டி விதியும் அதுதான். போன் ஆப்பில் அளந்தால் தோராயமாகத்தான் தெரியும், லக்ஸ் மீட்டர் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஞ்சுக்கு வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள். வரும்போது பிள்ளையையும் துப்பாக்கியையும் கூட்டி வாருங்கள், திருகிய ரியர் சைட்டைப் பேப்பரில் சுட்டுப் பார்த்துப் பழையபடி கொண்டுவந்துவிடலாம்.