வகுப்புக் குறிப்பு: கையால் எழுதினால்தான் நினைவில் தங்குமா?

கேள்வி:
இரண்டு பருவங்களாக வகுப்புக் குறிப்புகள் அனைத்தையும் மடிக்கணினியிலேயே தட்டச்சு செய்து வருகிறேன். ஆசிரியர் சொல்வதில் ஒரு சொல்லும் தப்புவதில்லை. ஆனால் தேர்வுக்கு முன் திறந்து பார்த்தால், வேறு யாரோ எழுதி வைத்ததைப் படிப்பது போல இருக்கிறது. நோட்டில் எழுதிய காலத்தில் இப்படி இருந்ததில்லை. இது காகிதத்தின் குணமா, என் பழக்கத்தின் கோளாறா?

பதில் 1:
ஒரு சொல்லும் தப்பவில்லை என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பேச்சின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காததால், எதை எழுதுவது, எதை விடுவது, எப்படிச் சுருக்குவது என்று கேட்கும்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவெடுப்பே ஒருவகைப் படிப்பு. 2014-இல் பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் சொல்லுக்குச் சொல் நிறைய எழுதினார்கள்; கருத்தைப் புரிந்து விடையளிக்க வேண்டிய கேள்விகளிலோ கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். கேட்டதை அப்படியே எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் தட்டச்சு செய்தவர்களின் பழக்கம் மாறவில்லை.

பதில் 2:
அந்த ஆய்வை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். அதே முறையில் மீண்டும் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தட்டச்சு செய்தவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதுவது உறுதிப்பட்டது. மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நார்வேயில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வையும் பலர் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே இணைப்பு விரிந்திருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் எழுதியது தொடுதிரையில், டிஜிட்டல் பேனாவால். தட்டச்சு செய்தது ஒரே விரலால். நினைவாற்றலைச் சோதிக்கும் தேர்வு எதுவும் அதில் இல்லை. காகிதத்துக்கு அதைச் சாட்சியாக அழைப்பது பொருந்தாது.

பதில் 3:
எழுத்துப் பழகும் குழந்தைகளின் நிலை வேறு, அவர்களுக்குக் கையசைவே எழுத்தின் வடிவத்தைக் கற்றுத் தருகிறது. உங்களைப் பொறுத்தவரை, மடிக்கணினியைக் கைவிடத் தேவையில்லை. வகுப்பு முடிந்த அன்றே, கோப்பைத் திறக்காமல், நினைவில் நிற்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் நடத்திய சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது பாடத்தை மறுபடி படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை மிஞ்சிவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்றைய வகுப்பை அப்படி எழுதிப் பார்த்தேன், அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. கோப்பில் அதே வகுப்புக்கு 9 பக்கங்கள் இருக்கின்றன.