உட்பிரிவுப் பட்டாவுக்குப் புரோக்கரிடம் பணம் கொடுத்துவிட்டேன், இனி என்ன வழி?

மணல்மேடு (கேள்வி):

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடலோரக் கிராமம். கூட்டுப் பட்டாவில் இருக்கும் ஒரு சர்வே எண்ணிலிருந்து 12 சென்ட் கிரயம் வாங்கிப் பதிவும் முடிந்துவிட்டது. என் பங்கை அளந்து பிரித்து, அதாவது உட்பிரிவு போட்டு, தனிப்பட்டா வாங்க வேண்டும். "நீங்க அலைஞ்சா ஒரு வருஷம், நான் பார்த்தா ஒரு மாசம், உள்ளே கொடுக்கறதையும் நானே கொடுத்துக்கறேன்" என்றார் ஒருவர். 18,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். அசல் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டார். நாலு மாதம் ஓடிவிட்டது. சர்வேயர் லீவு என்பார், தாசில்தார் மாறிவிட்டார் என்பார். விண்ணப்ப எண்ணைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

பணம் கொடுத்தது தப்பு என்று மனசு உறுத்துகிறது. மனு உண்மையில் போட்டிருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்திரத்தை எப்படித் திரும்ப வாங்குவது? கொடுத்த எனக்கும் சட்டத்தில் சிக்கல் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனைவடலி (பதில்):

முதலில் செலவுக் கணக்கைப் பாருங்கள். பட்டா மாறுதல் மனுவுக்கு ஈ-சேவை மையத்தில் 60 ரூபாய். கிராமப்புற நிலத்துக்கு உட்பிரிவுக் கட்டணம் ஒரு உட்பிரிவுக்கு 400 ரூபாய். அரசாங்கத்துக்குப் போக வேண்டியது இவ்வளவுதான். அரசின் தமிழ்நிலம் இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம்.

இன்னொன்று, பத்திரம் பதியும்போதே பட்டா மாறுதலுக்கான விவரம் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இணையம் வழியாக வட்ட அலுவலகத்துக்குப் போகிறது. பதிவு நாளில் வாங்கிய ரசீதை எடுத்து, உட்பிரிவுக் கட்டணம் என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவர் கையில் எதுவும் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மனு கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

எண் தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். கிராமத்தின் பெயர், சர்வே எண், பத்திர எண், பதிந்த ஆண்டு நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போங்கள், அல்லது நேரே வட்ட அலுவலகம் போங்கள். விண்ணப்ப எண் ஆண்டில் தொடங்கிச் சாய்கோடு போட்டு வரும். அது கிடைத்துவிட்டால், மனு எந்த மேசையில் நிற்கிறது, தள்ளுபடி என்றால் என்ன காரணம் என்பதை இணையத்தில் நீங்களே பார்க்கலாம். நேரில் சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

மனுவில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்பதையும் அவசியம் கேளுங்கள். இந்த ஆட்கள் தங்கள் எண்ணைத்தான் போடுவார்கள். ஓடிபி, எஸ்.எம்.எஸ்., அளக்க வரும் தேதி எல்லாம் அவர்களுக்குப் போகும், உங்களுக்கு ஒன்றும் வராது. சர்வேயர் வந்து நிற்கும்போது இடத்தில் ஆள் இல்லாவிட்டால் மனு அதோடு தள்ளுபடி. அப்புறம் அவரையே நம்பி நிற்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி தெரியாது. அவருக்கு வருமானமே விண்ணப்ப எண்ணை உங்களிடம் காட்டாமல் வைத்திருப்பதில்தான்.

கச்சான்காற்று (பதில்):

மூன்றாவது கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன். ஊழல் தடுப்புச் சட்டம் 1988, 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், பிரிவு 8. ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் அந்தப் பிரிவு அவர்மேல் பாயாது. உங்களுக்கு அந்த 7 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு அதிகாரியைச் சரிக்கட்டுகிறேன் என்கிற இடைத்தரகருக்குப் பிரிவு 7ஏ தனியாக இருக்கிறது. அதில் குறைந்தது 3 ஆண்டு.

மனு எழுதித் தர, ஸ்கேன் செய்து ஏற்ற, அலைச்சலுக்குக் கூலி என்று கொடுப்பது லஞ்சம் ஆகாது. "உள்ளே கொடுக்க" என்று சொல்லிக் கொடுத்தால்தான் வில்லங்கம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டும் கலந்திருக்கிறது. அதனால் புகார் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். ஃபீஸ் கொடுக்க முடியாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். நடந்ததை மாற்றி எழுதாதீர்கள். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் அப்படியே கிடக்கின்றன, ஒன்றையும் அழிக்கவும் வேண்டாம். இனிமேல் அவரோ அலுவலகத்தில் யாரோ மறுபடி பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே 1064க்கு, அதாவது லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அவர்களிடம் சொல்லிவிட்டு அவர்கள் வழிகாட்டுதலில் கொடுப்பவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு.

பத்திரத்தையும் பணத்தையும் ஒன்றாகக் கேட்காதீர்கள். பத்திரம்தான் முதலில். இன்ன எண், இன்ன தேதியிட்ட பத்திரத்தை இத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம், ஒப்புகை அட்டையோடு. தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள். நம்பிக் கொடுத்ததைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 316. இதற்கிடையில் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்குப் பதிவுத்துறைத் தளத்தில் விண்ணப்பித்து வையுங்கள். பட்டா வேலை அதற்காக நிற்க வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கடனுக்கும் நாளைக்கு விற்பதற்கும் அசல் வேண்டும், அதனால் விட்டுவிடாதீர்கள்.

பணம் திரும்பி வரும் என்று கணக்குப் போட வேண்டாம். லஞ்சத்துக்கென்று கொடுத்ததை மீட்டுத் தா என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நின்றால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23 குறுக்கே நிற்கும்.

மணல்மேடு:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. வட்ட அலுவலகத்தில் எண் கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே தள்ளுபடி. "புலத்தணிக்கையின்போது மனுதாரர் ஆஜராகவில்லை, பரப்பு பொருந்தவில்லை" என்று இருக்கிறது. கைபேசி எண் அவருடையதுதான். இரண்டாவது காரணம் எனக்குப் புரியவில்லை. அந்த சர்வே எண்ணின் மொத்தம் பட்டாவில் 0.25.00 ஹெக்டேர் என்று இருக்கிறது.

எல்லைக்கல் (பதில்):

எல்லோரும் பிசகுவது இங்கேதான் தம்பி. யார் பணம் வாங்கினாலும் இதை நகர்த்த முடியாது.

0.25.00 ஹெக்டேர் என்றால் 25 ஏர், 2,500 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆக மொத்தம் 61.78 சென்ட்தான். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, கூட்டுப் பட்டாக்காரர்கள் இதுவரை விற்றது, அவரவர் கையில் மிச்சம், உங்கள் 12 சென்ட் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். 64 என்று வந்தால், இல்லாத 2.22 சென்ட்டை யாரோ விற்றிருக்கிறார்கள். பழைய பத்திரங்களில் "சுமார்" என்று போட்டு, காலடியில் அளந்து விற்றிருப்பார்கள். கூடுதல் எங்கே விழுகிறது என்று தெரியாமல் சர்வேயர் கோடு போட மாட்டார்.

அடுத்து நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லையும் அளவும். பத்திரத்தில் கிழமேல், தென்வடல் அடி போட்டிருக்கும். அதைப் பெருக்கி 435.6ஆல் வகுத்தால் 12 வருகிறதா பாருங்கள். அடிக்கணக்கு ஒன்றும் சென்ட் கணக்கு ஒன்றுமாக இருந்தால், விற்றவரை அழைத்துப் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். நம் கரையோரத்தில் "பனை வரிசைக்கு மேற்கு", "ஓடைக்குத் தெற்கு" என்றெல்லாம் எல்லை எழுதியிருப்பார்கள். பனை வெட்டுப்பட்டிருக்கும், ஓடை இடம் மாறியிருக்கும். அதனால் புலப்படத்தை, அதாவது அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை, இணையத்தில் எடுத்து, அதில் உள்ள மீட்டர் அளவோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் புது மனு.

புதிதாகத்தான் போட வேண்டும், தள்ளுபடியானது தானாக உயிர் பெறாது. இந்தத் தடவை உங்கள் கைபேசி எண். அளக்கும் நாளைக்கு முன்னே சீமைக்கருவேலத்தை வெட்டி, மூலைக்கல் தெரிகிற மாதிரி செய்து வையுங்கள். கடற்கரை மணலில் கல் ஒரு முழம் உள்ளே போயிருக்கும், கடப்பாரையால் குத்திப் பார்த்தால் "ணங்" என்று சத்தம் கொடுக்கும். கல் அகப்படாவிட்டால் சர்வேயர் பக்கத்துப் புலத்திலிருந்து அளந்துகொண்டு வர வேண்டியிருக்கும், அன்றைக்கு வேலை முடியாது. கூட்டுப் பட்டாக்காரர்களையும் பக்கத்து நிலத்தாரையும் நேரில் பார்த்து வரச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் பவர் வைத்திருப்பவர் வந்தால், அந்தப் பவர் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்தின் வகை எழுதியிருக்கும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டையும் ஒரு முறை பாருங்கள். உங்கள் இடத்தில் ஒரு துண்டு புறம்போக்கு என்று வகைப்பட்டிருந்தால், அந்தத் துண்டுக்குப் பட்டா மாறுதல் கிடையாது, பத்திரம் பதிந்திருந்தாலும் சரி.

உட்பிரிவு மனுவுக்கு 30 நாள் கெடு. தாண்டினால் 1100க்குப் புகார், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு. கணக்கெல்லாம் சரியாக இருந்தும் மறுபடி தள்ளுபடி செய்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. வில்லங்கச் சான்றில் வந்த பரப்புகளைப் பெயர் இல்லாமல் இங்கே போடுங்கள், கூட்டிப் பார்த்துவிடலாம்.